காரில் கிடந்த மண்வெட்டி

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மாலதி சொன்னாள். எல்லாச் செய்தியும் அவளுக்கே முதலில் போய்விடுகிறது, ஹாஸ்டலில் இருந்த மாதிரியே. இவருக்கு முட்டிவலி பரவாயில்லை. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நம் கதிர் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பாதை வெட்டியிருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன் காய்கறிப் பையை வைக்கக் கார் டிக்கியைத் திறந்தேன். சாக்கில் சுற்றி ஒரு மண்வெட்டி, ஒரு கம்பி வாரி, மடக்கு ரம்பம். அபார்ட்மென்டில் இருக்கிற நமக்கு மண்வெட்டி எதற்கு? கேட்டால் மழுப்பினான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே சொல்லிவிட்டான். அவனும் இரண்டு பையன்களும் இரண்டு குளிர்காலமாக இங்கே வான்கூவர் பக்கத்து ஃப்ரோம் மலையில் வெட்டுகிறார்களாம். நீ கனடா வந்திருந்தபோது மழை மழை என்று புலம்பினாயே, அதே மலைதான். மேலேயிருந்து சைக்கிளில் சரிவோடு பாய்ந்து இறங்குவதற்கு ஒரு தடம். நில உடைமைக்காரர்களிடம் அனுமதி கிடையாது. மாகாண அரசின் காடாக இருந்தால் வனச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலேயே வரும் குற்றம் இது. மாவட்ட நகராட்சியின் நிலமானாலும் கேட்காமல் வெட்டக்கூடாது.

நான் கத்தினேன். அவன் கத்தவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. “அம்மா, இன்றைக்குப் பெயர்ப்பலகை வைத்து ஊரே பெருமைப்படும் தடங்களில் பலதும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாரையும் கேட்காமல் வெட்டியதுதான்” என்றான். உண்மைதான் செல்வி. விழுந்த செடார் மரத்தைப் பிளந்து ஏணி மாதிரிப் பாலம் கட்டி, அதன்மேல் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் பாணிக்கே உலகம் முழுக்க இந்த மலைப்பகுதியின் பெயரால் ‘நார்த் ஷோர்’ என்று பெயர் வந்துவிட்டது. 1997இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். இப்போது அவர்கள் நில உடைமைக்காரர்களோடு பேசி, அனுமதி வாங்கித்தான் தடங்களைப் பராமரிக்கிறார்கள். அப்படியானால் தான் செய்வது மட்டும் எப்படித் தப்பு என்று கேட்கிறான்.

என்னிடம் பதில் இல்லை. அதனால், காட்டு, நானே பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

ஒன்றரை மணி நேரம் ஏறினோம். வழியெல்லாம் நூறு வருஷத்துக்கு முன் வெட்டிய செடார் அடிக்கட்டைகள். மரம்வெட்டிகள் பலகை செருகி ஏறி நின்ற குழிகள் இன்னும் கண்கள் மாதிரி நம்மையே பார்க்கின்றன. “மொத்தக் காட்டையும் வெட்டினவர்கள் இருக்க, நான் ஓரடி அகலம் சுரண்டியது கண்ணில் படுகிறதா?” என்று அங்கேயும் ஒரு கேள்வி.

பார்த்ததும் கோபம் பாதி போய்விட்டது, அதை ஒளிக்க மாட்டேன். இலைமக்கை வழித்தெடுத்து, அடிமண்ணைச் சரிவுக்கு வெளிப்புறமாகச் சாய்த்து, வளைவில் கைப்பிடி மண் பிசகாமல் அணை கட்டியிருக்கிறான். வீட்டில் போர்வை மடிக்காத பையன்! கல்லைத் தேடித் தேடிக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறான்.

பாதித் தூரத்தில் சரிவு செங்குத்தாகிறது. அங்கே தடம் நேராக இறங்குகிறது. இந்த மலையில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பிரேக் பிடித்துப் பிடித்து டயர் கீறிய கோட்டில் தண்ணீர் இறங்கி, முழங்கால் ஆழத்துக்கு வாய்க்காலாகியிருந்தது. மேல்மண் முழுக்கக் கீழே ஓடையில். ஓரத்தில் ஒரு பழைய செடார், அதன் வேர் ஒன்றை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். என் மணிக்கட்டு அளவு இருக்கும். அறுத்த முகம் செக்கச்செவேலென்று, பென்சில் சீவினால் வருமே அந்த வாசனை. கதிர் அதைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். “இதையும் நீதானா?” என்றேன். தலையாட்டினான்.

இன்னொரு விஷயம். மூன்று பேர் மட்டும் ஓட்டுவதற்கு என்றுதான் வெட்டினார்களாம். யாரோ ஒருவன் ஃபோனில் ஸ்ட்ராவாவில், அதுதான் சைக்கிளில் போன வழியைப் பதிவு செய்து மற்றவர்களுக்கும் காட்டுகிற ஆப், பதிவு செய்திருக்கிறான். அப்புறம் வரைபடத்தில் அந்தக் கோடு ஒளிர ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் முன்பின் தெரியாத ஏழு பேர் இறங்கிப் போனார்கள். முப்பது வருஷத்துக்கு முன் வெட்டியவர்களுக்கு இந்தக் கூட்டம் இல்லை. அன்றைக்குச் சரி என்பதால் இன்றைக்கும் சரி ஆகாது என்று அங்கேதான் அவனிடம் சொன்னேன். இது ஸ்குவாமிஷ், ஸ்லே-வாட்டூத் என்ற பூர்வகுடி மக்கள் காலகாலமாக வாழ்ந்த மண், அவர்களைக் கேட்டாயா என்றும் சொன்னேன். அதற்கு அவன் பேசவில்லை.

எனக்குப் பயமும் இருக்கிறது. நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இங்கே பழைய பகை. 2015இல் தடங்களின் குறுக்கே கட்டையும் கல்லும் போட்டுவைத்தவரை, சைக்கிள்காரர்கள் கேமராவை மறைத்து வைத்துக் கண்டுபிடித்தார்கள். இருட்டில் வேகமாக இறங்கும் பிள்ளை ஒரு கட்டையில் மோதினால்? அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மாவட்ட நகராட்சிக்குத் தானே போய்ச் சொல்கிறேன் என்று நேற்று ராத்திரி சொன்னான். அபராதம் போட்டால் அவன் சம்பளத்தில் கட்டட்டும். தடத்தை மூடச் சொன்னால், வெட்டிய கையாலேயே கட்டை இழுத்துப் போட்டு மூடவேண்டும், நானும் கூட வருவேன் என்றேன். “அந்த வளைவையுமா அம்மா?” என்று கேட்டான் செல்வி. ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அண்ணன் வனத்துறையில் முப்பது வருஷம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலையில் கதிரைக் கூப்பிட்டு ஒரு பத்து நிமிஷம் பேசச் சொல்லேன். நான் சொன்னால் அம்மா சொல்வது, அவர் சொன்னால் காது கொடுப்பான். நீயும் பக்கத்தில் இரு. நீ சைக்கிள் கற்றுக்கொண்ட கதையை அவனுக்குச் சொல்லிவிட்டேன், கிணற்றடியையும் சேர்த்துத்தான்.

அம்மாவுக்குச் சொட்டுமருந்தை நேரத்துக்குப் போடு.

உன்,
வசந்தா