அந்தப் பிளாக்குகளைத் தொலைத்துவிடாதீர்கள்

தமிழக மருத்துவமனைகளின் நோயியல் துறைத் தலைவர்களுக்கும், இரைப்பைக் குடல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். இரைப்பையின் உட்சுவர் குடலின் சாயலுக்கு மாறும் இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் அந்த இரண்டு சொல்தான் இருந்தது. இரைப்பையின் எந்தப் பகுதியில் எடுத்த சதை, எவ்வளவு பரவியிருக்கிறது என்று எதுவுமில்லை. இடம் பிரித்துத் தனித்தனிக் குப்பியில் போடச் சொல்லும் சிட்னி முறை 1990களிலிருந்தே இருக்கிறது. ஒரு டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார், இன்னொருவர் விட்டால் கேன்சர் என்றார். சரி, வேறொருவரிடம் காட்டலாம் என்று பழைய பிளாக்கை, அதாவது பயாப்ஸி சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைக் கேட்டோம்.

தேடினார்கள். வாரக்கணக்கில் தேடினார்கள். கடைசியில், "திரும்ப ஒரு எண்டோஸ்கோப்பி எடுத்துடுங்களேன்" என்று யோசனை சொன்னார்கள். ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து, தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, குமட்டிக் கண்ணில் நீர் வழிய, 68 வயதில் அம்மா மறுபடி குழாயை விழுங்கினார். விரல் நுனியளவு சதை வைத்த ஒரு மெழுகுக் கட்டியைக் காணவில்லை என்பதற்காக!

ஐயா, அந்தக் கட்டிகளைப் பத்திரமாக வையுங்கள். உள்ளே இருப்பது பழைய சதை மட்டுமில்லை. தரை ஓடுகளின் இடுக்கை அடைக்கும் சிமென்ட் மாதிரி, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கசியாமல் காக்கும் கிளாடின் புரதங்கள் அதில் இருக்கின்றன. 1998இல் ஜப்பானில் ஷோய்ச்சிரோ ட்சுகிதாவின் குழு அடையாளம் கண்டவை. நல்ல இரைப்பையில் கிளாடின்-18 நிறைந்திருக்கும். மெட்டாபிளேசியாவில் இரைப்பையானது குடலின் சாயலுக்கு மாறும்போது அது குறைகிறது, குடலுக்குரிய கிளாடின்-3, கிளாடின்-4 தலைகாட்டுகின்றன. உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சுவர் இதேபோல் மாறும் பாரெட் மாற்றத்தில் கதை தலைகீழ்: அங்கே இல்லாத கிளாடின்-18 வந்து சேர்கிறது.

இந்தக் கிளாடின்-18இன் ஒரு வகையான கிளாடின்-18.2க்கு இன்று எப்போது சாயம் போட்டுப் பார்க்கிறார்கள்? புற்று பரவி, அறுவைக்கும் வழியில்லை என்றான பிறகு, அதைக் குறிவைக்கும் ஸோல்பெடக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மருந்து விற்க வேண்டுமென்றால் சாயத்துக்கு வழி பிறக்கிறது. மருந்தே தேவைப்படாமல் இருக்க வேண்டிய கட்டத்தில் பிளாக்கையே காணோம். இதற்கு நடுவில், "குடல் கசிவா? ஒரே ரத்தப் பரிசோதனை!" என்று என் போனில் தினமும் விளம்பரம் வேறு. அவர்களாவது சாம்பிளைத் தொலைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கிளாடினை வைத்து இன்றைக்கே ஒருவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்று தெரியும். மெட்டாபிளேசியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல கிளாடின் உதவுமா? வந்தவர்களின் பழைய பிளாக்கையும் வராதவர்களின் பழைய பிளாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று முன்வரிசையில் நிற்கும் ஊர் சென்னை. இங்கே செய்யாமல் வேறெங்கே செய்வது?

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். பிளாக்குகளை எண் போட்டுப் பாதுகாத்து, நோயாளி கேட்டால் கொடுங்கள். ஒப்புதல் பெற்று அவற்றில் கிளாடின் பாருங்கள், என் அம்மா முதலில் கையெழுத்துப் போடுவார். அப்புறம், ரிப்போர்ட்டில் சதை எடுத்த இடத்தையும் எழுதிவிடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்