2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: பழந்துணி, பழைய வீடு, அருங்காட்சியகப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 மார்ச் மாதத்துடன் முடிந்த ஆண்டில் காலாடிப்பேட்டை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய பகுதிகளில் நம் சங்கம் மேற்கொண்ட பணிகளை இந்த அறிக்கை வழியாக உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அம்மையார் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் செல்லவில்லை.

துணிக்கும் கொத்துவேலைக்கும் ஒரே சங்கம் எதற்கு என்று இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில், அதாவது 1717க்கும் 1720க்கும் இடையில், நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் உருவானது காலாடிப்பேட்டை. கிழக்கிந்தியக் கும்பினி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்படும்வரை நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனார்களும் அங்கேதான் ஷிப்டு பார்த்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த ஆலைத் தொழிலாளர்களிடையே தோன்றியதும் நாம் அறிந்ததே. இந்த வீடுகள் பெரும்பாலும் துணி தந்த கூலியில் எழுந்தவை. பெட்டியில் மடித்துவைத்த சேலையும் தலைக்கு மேல் ஒழுகும் கூரையும் ஒரே குடும்பத்தின் சொத்து என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்த்து வருகிறோம்.

ஆண்டின் முதல் பணியாகப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தோம். முன்பு வணிகர்கள் கூடிய மாளிகையாக இருந்த அந்தக் கட்டடத்தில் பீரங்கிகளையும் நாணயங்களையும் பார்க்கவே பிள்ளைகள் விரும்பினார்கள்; பெரியவர்கள் நெடுநேரம் நின்றது ஒரு கொடியின் முன்னால். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட, ஏறத்தாழ 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட அந்தப் பட்டுக் கொடி 2013 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அது காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் கிண்ணங்கள் வைத்திருக்கிறார்கள். மேலே விழும் வெளிச்சத்தின் அளவையும் கண்காணிக்கிறார்கள். பட்டுக்குப் பகை எவை என்பதை அந்தப் பேழையே சொல்லிவிடுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கிவரும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவைப் பற்றியும் அன்று பேசினோம். நம் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லுக்கும் அளவுமானிக்கும் வழியில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவது, பூச்சி அண்டாமல் வசம்பு போட்டு வைப்பது, ஒரே மடிப்பில் சரிகை முறியாதபடி சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது ஆகிய மூன்றையும் எவரும் செய்யலாம். திரும்பி வரும்போது பேருந்திலேயே இதுபற்றி ஒரு பட்டிமன்றம் நடந்தது. வசம்பா, வேப்பிலையா என்பது இன்னும் தீரவில்லை.

தையல் வகுப்பு சனிக்கிழமை மாலைகளில் தொடர்ந்து நடந்தது. அதற்கு உறுப்பினர் ஒருவர் தம் குடும்பத்தார் திருவிழாவில் கட்டி வந்த பழைய தொம்பை (குழல் வடிவில் தொங்கவிடும் துணி அலங்காரம்) ஒன்றைக் கொண்டுவந்தார். சிவப்புத் துணியின் மேல் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்த வேலை அது. அடித்துணி பல இடங்களில் நைந்திருந்தாலும், கிழிசல் பெரிதாக இருந்தது நைந்த இடங்களில் அல்ல. முன்பு யாரோ முறுக்கேறிய பாலியஸ்டர் நூலால் இறுக்கித் தைத்திருந்த வரியை ஒட்டித்தான். அந்த நூல் இன்றும் புதிதாகவே இருந்தது. அது ஏறி இறங்கிய துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து துணி பிளந்திருந்தது. நூலைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, இழுக்காமல் எடுக்கவே பெரும்பொழுது போனது. பிறகு பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்த பருத்தித் துணியைப் பின்புறம் வைத்து, மெல்லிய ஊசியாலும் ஒற்றைப் பருத்தி நூலாலும் தளர்வான ஓடுதையல் போட்டோம். இனி இழுபட்டால் தையல்தான் அறும், தொம்பை கிழியாது. பழையதைவிட வலுவான பொருளால் பழுது பார்த்தால் பழையதே பலியாகும் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நாங்கள் பார்த்ததில்லை.

அதே பாடத்தைக் கூரையில் இன்னும் அதிகச் செலவில் கற்றோம். 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் நம் உறுப்பினர் வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் கூரைகள் ஒழுகின. தேக்குக் கட்டைகளின் மேல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் கொண்ட சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாகச் சாய்வுவரிசையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் 3 அங்குலம் பரப்பி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, இறுதியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்த கூரை அது. ஒழுகிய வீடுகளுள் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் முழுக் கூரைக்கும் சிமென்ட் பூச்சு போட்டு, இனி கவலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயிலில் கூரை நீண்டு சுருங்குவதற்கு விறைத்த சிமென்ட் ஈடுகொடுக்கவில்லை, விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியின்றிக் கட்டைகளின் முனைகளில் தங்கி அவற்றை இற்றுப்போகச் செய்தது. சுவர்களிலும் இதே கதைதான். கடற்காற்றும் உப்பு நீரும் உள்ள நம் பகுதியில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைப் பொரித்து உதிர்க்கும். அந்த வீட்டில் மட்டும், வீட்டுக்காரர் சம்மதத்துடன், சிமென்ட்டை வெட்டியெடுத்து, இற்ற முனைகளுக்குப் பழைய தேக்கைக் கொண்டு ஒட்டுக்கட்டை கொடுத்து, கூரையைச் சுண்ணாம்பிலேயே சரிசெய்தோம். மற்ற வீடுகளில் தட்டோட்டு இடுக்குகளை அடைத்ததோடு சரி. தட்டும் வேலை தெரிந்த மூத்த கொத்தனார் நம் பகுதியில் இருப்பது நம் பேறு. அவரிடம் இளைஞர்கள் இருவர் பழகி வருகிறார்கள்.

கூரைக்கு வாங்கிய கடுக்காயில் மீந்ததைத் தையல் வகுப்பினர் கலம்காரி பழக எடுத்துக்கொண்டார்கள். கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்திய துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் சில வாரம் புளிக்கவைத்த நீரால் மூங்கில் எழுதுகோலைக் கொண்டு கோடிழுத்தால், வெளிறித் தொடங்கும் கோடு கண்ணெதிரே கறுத்துவிடுகிறது. பால் சேர்ப்பதால் கோடு பரவாமல் நிற்கிறது. கறுப்பு கைவந்துவிட்டது, சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பைத் தந்த சாயவேரைத்தான் இன்னும் தேடுகிறோம். ஓர் உறுப்பினர் மணல் நிரப்பிய தொட்டிகளில் விதைத்திருக்கிறார். வேர் சாயத்துக்குத் தேற இரண்டாண்டு ஆகும் என்பதால் அடுத்த அறிக்கையிலும் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

தை மாதத்தில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்றோம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகமில்லை; கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. பனையோலைக் கூடை முடையும் பெண்களிடம் உறுப்பினர்கள் நிறைய வாங்கினார்கள். பொன்னேரிப் பக்கமே பிறந்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தப் பகுதித் தறிகளில் நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணியைத் தம் வீட்டிலிருந்து எடுத்துவந்து காட்டினார். அதைக் கைக்குட்டை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சதுரம் 36 அங்குலம், எட்டுக் கெஜத் துண்டாக நெய்வார்கள். ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்த சுண்ணாம்பு நம் கூரை வேலைக்குக் கிடைக்குமா என்றும் அங்கே விசாரித்து வந்தோம்.

நூலகப் பணியில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. சங்கத்தின் ஏணியை வாங்கிச் சென்றவர் யார் என்பது பதிவேட்டில் இல்லை. வைத்திருப்பவர் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் சுண்ணாம்பை உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் நீரில் ஊறினால்தான் கலவை மிருதுவாகும். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் இப்போதே ஊறப்போட்டாக வேண்டும். ஆகவே தேவைப்படுவோர் தங்கள் கூரை அல்லது சுவரின் நீள அகலத்தை எழுதி, முன்பணத்துடன், இன்று கூட்டம் கலைவதற்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுமாறு கேட்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்