தீயில போன டிரங்கு பெட்டியும் மிச்சமான ஒரு நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. உங்க பேப்பர முப்பது வருஷத்துக்கு மேல படிக்கேன், கடுதாசி எழுதுறது இதான் மொத தடவ, இடம் இல்லன்னு நடுவுல வெட்டிராம போடுங்க.

எம்மக பாண்டிச்சேரில பிரெஞ்சு படிச்சவ. 2023 பிப்ரவரில ஒருநா ராத்திரி போன் பண்ணி, அம்மா பாரிஸ்ல தானியேல் தெஃபேர்னு ஒருத்தர் இறந்துட்டாரு, அவரு கதைய படிச்சதுலேர்ந்து மாமா ஞாபகமாவே இருக்குன்னா. மாமான்னா என் தம்பி. 1999ல எய்ட்ஸ்ல போயிட்டான், அப்ப இவ கைப்பிள்ள, அவன் எதுல போனான்னு நான் இவகிட்ட சொன்னதே காலேஜ் முடிச்ச பெறவுதான்.

தெஃபேரும் பிரெஞ்சு தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோவும் இருபது வருஷத்துக்கு மேல சேந்து வாழ்ந்தவங்க. ஃபூக்கோ யாருன்னு நம்ம சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நல்லாவே தெரியும். அவரு 1984 ஜூன் 25ல ஆஸ்பத்திரில இறந்தாரு. என்ன நோய்னு தெஃபேர்கிட்ட யாரும் நேரா சொல்லல, ஆஸ்பத்திரி காகிதத்துல எய்ட்ஸ்னு எழுதியிருந்தத இவரே பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டிருக்காரு, அதுக்கு டாக்டர் கவலப்படாதீங்க அது அழிஞ்சிரும், தடயமே இருக்காதுன்னு ஆறுதல் சொன்னாராம். அழிச்சிருவோம்ங்கிறது ஒரு ஆறுதலா? மனுசன் சும்மா இருக்கல. செப்டம்பர் 29ம் தேதி சேக்காளிகளுக்கு ஒரு கடுதாசி எழுதுனாரு, மருத்துவ அவசரமும் வந்திருக்கு, நாம யாருங்கிற நெருக்கடியும் வந்திருக்கு, சேந்து யோசிக்கவும் ஒருத்தருக்கொருத்தர் துணை நிக்கவும் ஒரு இடம் வேணும், உண்டாக்குவோமான்னு கேட்டு. அந்த வருஷமே எய்ட்ஸ் வந்தவங்களுக்கு துணை நிக்கிற எய்ட்ங்கிற அமைப்பு பொறந்துச்சு. ஃபூக்கோ எழுதி வச்ச தாளையும் அவருதான் பத்திரமா வச்சிருந்தாரு, சுமார் 37,000 தாளு, 2013ல பிரான்ஸ் தேசிய நூலகத்துக்கு போயிருச்சு.

என் தம்பி முருகங்குறிச்சில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல வேல பாத்தான். அவனுக்கு ஆம்பளைங்க மேலதான் பிரியம்னு எனக்கு தெரியும், வாய் விட்டு பேசுனது கெடையாது, அவன் சொல்லாம நானும் கேக்காம காலம் போயிருச்சு, இன்னைக்கு வரைக்கும் நெஞ்ச அறுக்கிறது அதான். காய்ச்சல் விடாம வந்து ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். அங்க கட்டில்ல தொங்குற சீட்டுல நோய் பேர சிவப்பு மையில, போறவன் வாறவன் எல்லாம் படிக்கிற அளவுக்கு பெருசா எழுதி வச்சிருந்தாங்க. சாப்பாட்டுத் தட்ட தள்ளி நின்னு கால் மாட்டுல வச்சிட்டு போவாங்க. ஆனா அவன் கண்ண மூடுன பெறவு தந்த காகிதத்துல காசநோய்னு மட்டும்தான் இருந்துச்சு. உசுரோட இருக்கையில ஊருக்கே காட்டுனத செத்த பெறவு மறச்சிட்டாங்க.

பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்ச சாயந்தரம் பெரியப்பா அவன் டிரங்கு பெட்டிய தூக்கிட்டு வாய்க்கா கரைக்கு போனாரு. சென்னையிலேர்ந்தும் பம்பாயிலேர்ந்தும் வந்த கடுதாசி, போட்டோ, ஏதோ கூட்டத்துல தந்த நோட்டீஸு, எல்லாத்தையும் மண்ணெண்ண ஊத்தி எரிச்சிட்டாரு. குடும்ப மானம்னு சொன்னாரு. நாங்க யாரும் தடுக்கல, நானும்தான்.

ஒரு நோட்டு மட்டும் தப்பிச்சுது. எங்கம்மா பீடி சுத்துவா, அவ பீடி இல சாக்குக்கு அடியில கெடந்துச்சு, அவன் ஒளிச்சானா அம்மாதான் ஒளிச்சாளான்னு தெரியாது, கடைசி வரைக்கும் அவ சொல்லல. எண்பது பக்க நோட்டு. காலேல 100, சாயந்தரம் 102, கஞ்சி அரை டம்ளர், மாத்திர இவ்வளவு ரூவான்னு தேதி போட்டு எழுதியிருக்கான். நடுவுல சேக்காளி ஒருத்தருக்கு எழுதிப் பாத்த கடுதாசி, ஜங்ஷன்ல எறங்கி டீ குடிச்சிட்டு அப்படியே திரும்பிரு, வீட்டுக்கு வராத, எங்கம்மா உன் மொகத்த பாத்தாலே கண்டுபிடிச்சிருவான்னு. அடுத்த பக்கத்துல ஒரே வரி, வந்தான் ரெண்டு மணி நேரம் இருந்தான். அதுக்குப் பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட் ஒட்டியிருக்கு.

எச்ஐவி கூட்டு மருந்து 1996லயே வெளிநாட்டுல வந்திருச்சு, இங்க அரசாங்கம் இலவசமா குடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல்ல. அந்த நடுவுல போனவங்க என்ன தின்னாங்க, யார் பாத்துக்கிட்டா, யாருக்கு என்ன எழுதுனாங்கங்கிறது எந்த அரசு கணக்குலயும் இருக்காது. 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் நம்ம நாட்டுல மொத மொதல்ல இந்த நோய கண்டுபிடிச்சத எல்லாரும் பேசுதோம், பேசணும்தான், ஆனா சீக்காளி கைப்பட எழுதுன காகிதம் எங்க இருக்கு?

கரிவலம்வந்தநல்லூர் கோயில்ல இருந்த பழைய ஏட்ட நெய்யில நனச்சு ஹோமத்துல போட்டுட்டாங்கன்னு கேட்டு உ.வே.சா. மனசு ஒடஞ்சு போனது நம்ம பக்கத்து கதைதான். அதே அவருக்கு திருநெல்வேலி கவிராயர் வீட்டுல அழகா அடுக்கி வச்ச ஏடும் கெடச்சுச்சு. எரிச்சதும் நம்ம மண்ணுதான், பாதுகாத்ததும் நம்ம மண்ணுதான்.

கனடாவுல பிரெஞ்சு பேசுற மான்ட்ரியல் ஊருல 1983லயே ரெண்டு பேரு சேந்து ஓரினச்சேர்க்கையாளர்களுக்குன்னு ஒரு ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நடக்கு. எய்ட்ஸ் வந்தவங்களுக்காக பாரிஸ்ல ரோட்டுல எறங்கி கத்துன ஆக்ட் அப் அமைப்போட காகிதம் இப்ப தேசிய ஆவணக் காப்பகத்துலயே இருக்கு. ரகசியம் என்னாவுதுன்னு கேப்பீங்க. பிரான்ஸ்ல ஒருத்தரோட மருத்துவ விவரம் இருக்குற ஆவணத்த அவரு இறந்து 25 வருஷம் பூட்டி வைக்கணும்னு சட்டமே இருக்கு. அந்த கணக்குக்கு என் தம்பி நோட்டு 2024லயே தெறந்திருக்கும். இங்கயும் 2018 செப்டம்பர் 6ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, 377ம் பிரிவ வச்சு விருப்பப்பட்டு சேர்ற ஓரினச்சேர்க்கையாளர்கள குத்தவாளி ஆக்குறது செல்லாதுன்னுச்சு, நாலே நாள்ல, 10ம் தேதி, எச்ஐவி உள்ளவங்க விவரத்த அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுங்கிற சட்டமும் அமலுக்கு வந்துச்சு. பேர மறச்சு, கடுதாசி எழுதுன மத்தவங்க பேரையும் மறச்சு, இத்தன வருஷம் பூட்டுன்னு சீல் வச்சு வாங்கி வைக்க முடியும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகமோ மாவட்ட மைய நூலகமோ ஒரு அலமாரி ஒதுக்குனா போதும், கட்டடம்லாம் வேண்டாம். வீட்டுல இந்த மாதிரி காகிதம் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு எரிச்சிராதீங்க, பரண்ல கெடந்தா கெடந்துட்டுப் போட்டும்.

நோட்டு எங்க வீட்டு பீரோவுல வேட்டித் துணில சுத்தி இருக்கு. புகையில வாடை இன்னும் போகல, அதனாலயோ என்னமோ பூச்சி அரிக்கல, பஸ் டிக்கெட்டுல எழுத்துதான் மங்கிட்டே வருது. எனக்கு அறுபத்திரெண்டு வயசாச்சு. முறையா வாங்கி வைக்கிறவங்க யாராவது இருந்தா உங்க பேப்பர் மூலமா சொல்லுங்க, நானே கொண்டு வந்து குடுக்கேன்.

இப்படிக்கு
ஒரு அக்கா, பாளையங்கோட்டை
(பேர் போட வேண்டாம்)