மலிவுப் படங்களின் வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வன்முறையையும் கவர்ச்சியையும் மூலதனமாக்கிச் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' படங்களின் வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படங்களுக்கும் தங்கள் திரைப்பட விமர்சனப் பகுதியில் இடமளிக்க வேண்டுகிறேன்.

வேறொரு படத்துக்குப் போட்ட அரங்கம் கலைக்கப்படுமுன், போரிஸ் கார்லாஃப் நடித்துத் தர மீதமிருந்த ஓரிரு நாட்களையும் விடாமல், திரைக்கதை முழுமையாகாத நிலையிலேயே அமெரிக்க மலிவுப் பட இயக்குநர் ரோஜர் கார்மன் படம்பிடிக்கத் தொடங்கியதுதான் 1963இல் வெளியான 'தி டெரர்'. எஞ்சிய காட்சிகளை எடுத்தவர்களுள், அன்று பெயர் தெரியாத இளைஞராக இருந்து, பின்னாளில் 'தி காட்ஃபாதர்' படத்தை இயக்கிய பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவும் ஒருவர். பெரிய நிறுவனங்கள் தராத பயிற்சியை இந்தச் சிக்கனம் தந்தது என்பதை மறுக்க முடியாது.

இவ்வகை ஆஸ்திரேலியப் படங்களைப் பற்றி 2008இல் ஆவணப்படம் எடுத்த மார்க் ஹார்ட்லி, பிலிப்பைன்ஸில் உருவான இவ்வகைப் படங்களைப் பற்றியும் 2010இல் எடுத்தார். பின்னதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். அதிபர் மார்கோஸின் இராணுவச் சட்ட ஆட்சி நடந்த அந்த நாட்டில், குறைந்த கூலிக்கு உயிரைப் பணயம் வைத்துக் குதித்தவர்கள் உள்ளூர்ச் சண்டைக் கலைஞர்களே. ஆயினும் இத்தகைய ஆவணப்படங்களில் தயாரிப்பாளர்களும் இயக்குநர்களுமே அதிகம் பேசுகிறார்கள். அந்தக் கலைஞர்களுக்கும், உடலைக் காட்சிப்பொருளாக்க நேர்ந்த நடிகைகளுக்கும் எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது என்பதைத் தங்கள் விமர்சகர்கள் தவறாமல் ஆராய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்