அக்கி வலியும் அம்மியில் அரைத்த மிளகாயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்கு வீட்டு மிளகாயை அரைத்துப் பூசினாலே போதும் என்றும், இதற்காகவே நோபல் பரிசு தரப்பட்டது என்றும் ஒரு வரி வந்துள்ளது. அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு இடப்பக்க விலாவில் அக்கி கண்டது. எங்கள் ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று காவியால் அக்கி எழுதினோம். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன; வலி மட்டும் தங்கிவிட்டது. புடவைத் தலைப்பு உரசினாலே தணல் பட்டதுபோல் துடிப்பார். மருத்துவர் தந்த மாத்திரை தலையைச் சுற்றுகிறது என்று அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, தங்கள் இதழில் அப்போது வந்திருந்த ஒரு துணுக்கை நம்பி, நான் நாற்றுப் பறிக்கப் போயிருந்த காலை வேளையில் காய்ந்த மிளகாயை அம்மியில் அரைத்துப் பூசிக்கொண்டார். தோல் வெந்து நீர் கோத்தது. கழுவிய கையால் கண்ணைத் தொட்டுவிட்டு அன்று முழுவதும் கண் திறக்காமல் கிடந்தார். புண் ஆற ஒன்றரை மாதமாயிற்று. அப்போதே தங்களுக்கு விரிவாக எழுதினேன். கடிதமும் வெளிவரவில்லை, ஒரு வரிப் பதிலும் வரவில்லை.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினுக்கு நரம்பு வலியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காரத்தையும் சூட்டையும் ஒருங்கே உணரும் ஏற்பியை, அதாவது நரம்பு நுனியிலுள்ள புரதத்தை, அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் கண்டறிந்ததும், வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்ததும் தாங்கள் அறியாததல்ல. அந்தப் பரிசு மிளகாய் விழுதுக்குத் தரப்பட்டதன்று. அமெரிக்காவில் அக்கிக்குப் பிந்தைய வலிக்கு 2009-லும், சர்க்கரை நோயாளிகளின் பாத நரம்பு வலிக்கு 2020-லும் அனுமதி பெற்றது, 8 சதவீதக் கேப்சைசின் அளந்து சேர்த்த ஒட்டுப்பட்டை. மருத்துவரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து, புண்ணில்லாத தோலில் மட்டும் ஒரு மணி நேரமும், பாதமானால் அரை மணி நேரமும் ஒட்டி எடுக்கிறார்கள். மறுமுறைக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்கிறார்கள். தோலிலுள்ள நரம்பு நுனிகள் சிலகாலம் செயலற்றுப் போவதால்தான் வலி அடங்குகிறது. அவ்வளவு வீரியமுள்ள பொருளை அளவே தெரியாமல் ஒரு மூதாட்டி தன் விலாவில் அப்பிக்கொள்ள நேர்ந்ததே என்பதுதான் என் ஆற்றாமை. பாத எரிச்சலும் மதமதப்பும் உள்ள சர்க்கரை நோயாளி இப்படிச் செய்தால், மரத்த காலில் தோல் வெந்ததே அவருக்குத் தெரியாமல் போகக்கூடும்.

மஞ்சளைப் பற்றி எழுதும்போதும் இதே அவசரம்தான். எலிகளிடம் மஞ்சளிலுள்ள குர்குமின் வலியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு; ஆனால் அது மனித உடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது என்பதைத் தங்கள் பக்கம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அந்த உட்கிரகிப்பைக் கூட்டும். வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடும். இத்தனையும் இருக்க, 'இயற்கை, ஆகவே பக்கவிளைவு அறவே இல்லை' என்று எத்தனை ஆண்டுகளாக அச்சிட்டு வருகிறீர்கள்? அரளி விதையும் இயற்கைதான் என்பதை எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்பு வலியையும் நரம்புத் தளர்ச்சியையும் ஒன்றாக்கிக் கட்டுரை எழுதி, அதன் கீழேயே தைல விளம்பரத்தையும் போடுவது, முப்பது ஆண்டு வாசகனான என்னைப் பெரிதும் புண்படுத்துகிறது.

நான் மூலிகைக்கு எதிரியல்லன். நொச்சி இலை ஒத்தடம் என் தாயாருக்கு இதமாக இருந்தது. மருத்துவரிடம் சொல்லிவிட்டே அதைத் தொடர்ந்தோம். மாத்திரையையும் அளவு குறைத்து மீண்டும் தொடங்கிய பிறகே அவர் இரவில் உறங்கினார்.

நான் கேட்பது இரண்டே வரிகள். அரைத்த மிளகாயைத் தோலில் பூச வேண்டாம் என்றும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் அடுத்த இதழில் வெளியிடுங்கள். அதை மருத்துவப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். என் தாயார் இன்றும் இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மன்னார்குடி வட்டம்.