நின்றுபோன ஹார்டு டிஸ்க்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஹார்டு டிஸ்க் நின்றுபோனது என்று எழுதியிருந்தாய். முதலில் அந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வை. மீதியைப் பிறகு படிக்கலாம். இன்னும் ஒரே ஒரு தடவை சொருகிப் பார்ப்போமே என்று கை பரபரக்கும், வேண்டாம். பத்து வருடப் படங்கள் என்கிறாய், அந்த வேதனை புரிகிறது. ஆனால் டிஸ்க் மக்கர் செய்த நொடியிலேயே படங்கள் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அவை டிஸ்க்குக்குள் சுழலும் காந்தத் தட்டில் அப்படியேதான் இருக்கும். அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம் செய்வதுதான் அவற்றை அழிக்கும்.

என்ன சத்தம் வந்தது என்று யோசித்துப் பார். டக், டக் என்று ஒரே சீராக அடித்துவிட்டுச் சுழற்சி நின்றதா? அப்படியானால், தட்டைப் படிக்கும் நுண்ணிய முனையான ஹெட்டால், தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிய முடியவில்லை. ஓரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி மறுபடி முயல்கிறது. நல்ல நிலையில் ஹெட் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கும். சேதமான ஹெட் தட்டை உரசினால் காந்தப் பூச்சு தூளாக உதிரும். உதிர்ந்த இடத்தில் இருந்ததை எவராலும் மீட்க முடியாது. சுழலாமல் மெல்லிய பீப் மட்டும் வந்தால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம்.

இந்த இரண்டு நிலையிலும் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தட்டாதே, குலுக்காதே. ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், ஹெட் அதன் மேல்தான் ஓடும். மூடியைத் திறக்கவே கூடாது. அதே மாடல் சர்க்யூட் போர்டு வாங்கி மாற்றுவதும் இப்போது பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக அளந்து எழுதிய விவரங்கள் போர்டில் உள்ள சின்ன சிப்பில் இருக்கின்றன. அதையும் எடுத்துப் புதுப் போர்டில் பற்றவைத்தால்தான் டிஸ்க் தன்னை அடையாளம் காணும். இத்தகைய டிஸ்க்கை டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேள்: முதலில் முழு டிஸ்க்கையும் இமேஜ் (அச்சு அசலான பிரதி) எடுப்பீர்களா, ஹெட் மாற்றத் தூசியில்லா அறை உங்களிடமே இருக்கிறதா, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம். பதிலில் மழுப்பல் தெரிந்தால் வேறு இடம் பார்.

சத்தம் இயல்பாக இருந்து, ஃபோல்டர் திறக்கவே பல நிமிடம் ஆகிறது, அல்லது ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது என்றால் நிலைமை வேறு. அந்தக் கேள்விக்கு கேன்சல் கொடு. முதலில் வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பார். மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரையும் சந்தேகப்படு. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தைத் திற. டிஸ்க் தன் நிலைபற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு அது. 199-ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் கோளாறு அநேகமாகக் கேபிளில். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்பவை 5, 197, 198. அந்த மென்பொருள் வரி எண்களையும் (5 என்பது 05, 197 என்பது C5, 198 என்பது C6, 199 என்பது C7) அவற்றுக்கு எதிரே உள்ள மதிப்புகளையும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டும். மதிப்பு 10 என்று இருந்தால் அது 16. 197 பூஜ்யமாக இல்லை என்றால், படிக்க முடியாத செக்டர்கள் (தட்டின் சிறு சேமிப்புத் துண்டுகள்) காத்திருக்கின்றன என்று பொருள்.

இங்கேதான் பலரும் விண்டோஸில் உள்ள செக்டிஸ்க்கை ஓட்டுகிறார்கள். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கும் கருவி. உன் ஃபைல்களை மீட்பது அதன் வேலையல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலேயே எழுதும், குழம்பிய பதிவுகளை வெட்டி எறியும். மீட்பு மென்பொருளையும் அந்த டிஸ்க்கில் நேரடியாக ஓட்டாதே. டிஸ்க்கிலிருந்து முழுப் பிரதி எடு, மற்ற வேலையெல்லாம் பிரதியில் செய்.

பிரதி எடுக்க க்னூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் போதும். லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் பென் டிரைவ்) கம்ப்யூட்டரை பூட் செய். விண்டோஸில் வேண்டாம், அது தானாகவே டிஸ்க்கை நோண்டும். உபுண்டுவில் இந்தப் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. பழைய டிஸ்க்குக்குச் சமமான அல்லது பெரிய கொள்ளளவுள்ள காலி டிஸ்க் ஒன்று வேண்டும். கமாண்டில் முதலில் மூல டிஸ்க், அடுத்து சேருமிடம், கடைசியில் மேப் ஃபைல் (எதுவரை பிரதி எடுத்தாயிற்று என்ற குறிப்பு). மூலமும் சேருமிடமும் இடம் மாறினால் காலி டிஸ்க்கின் வெறுமை உன் படங்கள்மேல் எழுதப்படும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. ஆகவே மாடலையும் சீரியல் எண்ணையும் லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு எண்டர் தட்டு. மேப் ஃபைலை இன்னொரு பென் டிரைவில் வை. லைவ் செஷனிலேயே விட்டால் கம்ப்யூட்டர் அணைந்ததும் அது போய்விடும். அது இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் சுற்றில் ஸ்கிரேப்பிங் (சுரண்டல்) வேண்டாம் என்று கமாண்டில் சொல்லி ஓட்டு. சுலபமாக வருவது முதலில் வந்துவிடும். மோசமான பகுதிகளைச் சுரண்டுவது இரண்டாம் சுற்றில், அதிகபட்சம் மூன்று மறுமுயற்சியோடு. ஆரோக்கியமான ஒரு டெராபைட் டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். நோயாளி டிஸ்க்குக்கு நாட்கணக்கில் ஆகலாம். திரையில் வேகம் வெகுநேரம் பூஜ்யத்தில் நின்றாலும் பயப்படாதே. டக் சத்தம் புதிதாகத் தொடங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு லேபுக்குப் போ.

பிரதி கைக்கு வந்ததும், தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) தேடும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை அதன்மேல் ஓட்டு. பார்ட்டிஷன் கிடைத்துவிட்டால் ஃபோல்டர், பெயர் எல்லாம் பழையபடி வரும். கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக். அது ஃபைல்களின் தொடக்கக் குறிகளைத் தேடி வெட்டி எடுப்பதால் பெயரும் ஃபோல்டரும் மிஞ்சாது, துண்டுதுண்டாகப் பதிந்த பெரிய வீடியோக்கள் பாதியில் உடையும். படங்களுக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் எதுவும் நடக்காது; சாவியை இப்போதே உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி வை. சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு ஜாதி. அதில் டிரிம் (டெலீட் ஆன இடத்தைக் காலி செய்ய விடும் கட்டளை) வேலை செய்திருந்தால், டெலீட் ஆனதைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

டிஸ்க் லேபில் இருக்கும் நாட்களில் வெறுமனே காத்திருக்காதே. பழைய போன்களை சார்ஜ் போட்டுத் திற, மெயிலில் அனுப்பியவற்றைத் தேடு. கேமரா மெமரி கார்டில் புதிதாக எதுவும் எடுக்காமல் அதிலும் ஃபோட்டோரெக் ஓட்டு. அழித்த படங்கள், அவற்றின்மேல் வேறு ஏதும் பதியப்படாதவரை, அதில் இருக்கும். விசேஷங்களுக்கு வந்தவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதே. வாட்ஸாப்பில் அனுப்பினால், அவர்களே எடுத்த மூலப் படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பச் சொல். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும்.

அன்புடன்,
அண்ணன்