மீனம்பாக்கத்தில் எங்களைப் பத்திரமாக இறக்கியவர்களுக்கு

அன்புள்ள கேப்டனுக்கும், துணை விமானிக்கும், விமானப் பணிப்பெண்களுக்கும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கும், தீயணைப்பு வீரர்களுக்கும் வணக்கம்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, கோவையிலிருந்து சென்னைக்கு நீங்கள் ஓட்டி வந்த விமானத்தில் நானும் என் அம்மாவும் இருந்தோம். அம்மாவுக்கு 71 வயது. விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. நங்கநல்லூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இப்படி எழுதுகிறேன், உங்கள் கண்ணில் பட்டுவிடும் என்ற நம்பிக்கையில்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில் விமானங்கள் நகரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய், திரும்பி, கிழக்குப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும். அம்மா வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெரினா கலங்கரை விளக்கத்தைக் காட்டினேன். கிண்டிப் பக்கத்து மரங்கள் தெளிவாகத் தெரிகிற உயரத்துக்கு வந்துவிட்டோம். அப்போது இன்ஜின் சத்தம் சட்டென்று கூடியது, முதுகு இருக்கையில் அழுந்தியது. பரங்கிமலை பக்கத்தில் வந்து நழுவிப் போனது. இறங்க வேண்டிய ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம். போரூர் ஏரி கண்ணில் பட்டபோது விமானத்துக்குள் ஒருவரும் பேசவில்லை.

கேப்டன், இரண்டு நிமிடத்துக்குள் உங்கள் குரல் கேட்டது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை, அதனால் இறங்காமல் மேலே வந்துவிட்டோம், எரிபொருள் போதுமான அளவு இருக்கிறது, கடலுக்கு மேலே வட்டமிட்டபடி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் போகிறோம் என்றீர்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் நீங்கள் சொன்னதை, பணிப்பெண்களில் ஒருவர் ஒரு வார்த்தை குறையாமல் தமிழில் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. என் முதல் நன்றி இதற்குத்தான். "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு" என்று மழுப்பியிருந்தால், மிச்சத்தை எங்கள் பயம் இட்டு நிரப்பியிருக்கும். என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அம்மாவுக்கு அது போதவில்லை. அந்தப் பெண் எங்கள் வரிசைக்கு வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நெசமாச் சொல்லு, சக்கரம் வந்துருச்சா இல்லையா?" என்று கேட்டார். அவர் அப்படியே நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வந்திருக்கலாம்மா. வெளக்கு இன்னும் சொல்லல. அது சொல்ற வரைக்கும் பைலட் அவசரப்பட மாட்டாங்க." அந்தப் பதிலை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பொய்யான ஆறுதல் ஒரு சொட்டுகூட அதில் இல்லை. ஆனாலும் அம்மா அதைக் கேட்ட பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் நாற்பது நிமிடம் சுற்றினோம். சட்டைப் பையில் இருந்த பேனா, மூக்குக்கண்ணாடி, ஹீல்ஸ் செருப்பு எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். எப்படிக் குனிய வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று வரிசை வரிசையாக வந்து செய்து காட்டினார்கள். அவசரக் கதவுப் பக்கம் இருந்த இரண்டு இளைஞர்களுக்கு, கதவைத் திறப்பதற்கு முன்னால் வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் திறக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள். அதை அவர்கள் முகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

விமானிகளின் அறைக்குள் நடந்ததைப் பிறகு முனையத்தில் நீங்கள் நின்று பொறுமையாக விளக்கினீர்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் கவனிக்க, இன்னொருவர் சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்திருக்கிறீர்கள். சக்கர நெம்புகோலை மேலே தூக்கி மறுபடி இறக்கிப் பார்த்தும் விளக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வழி, ஹைட்ராலிக் அழுத்தத்தை, அதாவது சக்கரங்களை இயக்கும் எண்ணெய் அழுத்தத்தை, நம்பாமல் சக்கரங்களைத் தம் எடையாலேயே விழ விடுவது. அந்த ரக விமானத்தில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். கொக்கிகள் விடுபட்டுச் சக்கரங்கள் கீழே வரும். முன்சக்கரத்தை எதிர்க்காற்றே பின்னால் தள்ளிப் பூட்ட உதவுகிறது. துணை விமானி மூன்றாவது சுற்றை முடித்துச் சற்று நேரத்தில் பச்சை விளக்கு மூன்றும் எரிந்ததாம்.

மூன்றும் பச்சை என்று எங்களுக்கும் உடனே அறிவித்தீர்கள். கூடவே, இந்த வழியில் இறக்கினால் முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது, அதனால் ஓடுபாதையிலேயே நிற்போம், சுற்றிலும் தீயணைப்பு வண்டிகள் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். விளக்கு எரிந்த பிறகும் ஒரு முன்னேற்பாட்டைக்கூட நீங்கள் கைவிடவில்லை. பின்சக்கரங்கள் தரையைத் தொட்டது தெரிந்தது. முன்பக்கத்தை எவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்திருந்தீர்கள்! பூவை வைப்பதுபோல அது இறங்கியது.

கோபுரத்தில் இருந்தவர்களே, உங்கள் குரலை நாங்கள் கேட்கவில்லை. விமானிகள் வானொலியில் "பான்-பான்" என்று அவசர நிலையைச் சொல்லி மூன்று முறை அழைத்ததிலிருந்து வானத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்கள் நீங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னவர்களும் நீங்கள்தான். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி வந்து சேர வேண்டும் என்பது சர்வதேச விதி. அன்று அவர்கள் வர வேண்டியிருக்கவில்லை. முன்பே வந்து, நீளத்துக்கும் நின்றிருந்தார்கள்.

அதில் ஒரு வீரருக்குத் தனியாக நன்றி. அம்மா பதற்றத்தில் செருப்பை மேலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு படியில் இறங்கினார். ஓடுபாதை அடுப்பாகச் சுட்டது. அந்தக் கனத்த உடுப்போடு படியேறிப் போய், செருப்பை வாங்கி வந்து, அம்மாவின் காலடியில் குனிந்து வைத்தீர்கள். "நல்லா இரு சாமி" என்றார் அம்மா. அது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

எங்கள் பேருந்து கிளம்பும்போது பொறியாளர்கள் விமானத்தின் அடியில் இருந்தார்கள். சக்கரம் மடங்கிவிடாமல் இருக்க, சிவப்பு ரிப்பன் தொங்கும் பூட்டு ஊசிகளைச் செருகிவிட்டுத்தான் இழுவை வண்டியை நெருங்க விட்டார்கள். அவர்களுக்கும் நன்றி. அந்த நேரம் முழுக்க எங்களால் மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானங்களிலும், தரையில் காத்திருந்தவற்றிலும் இருந்த பயணிகளுக்கும் என் நன்றியைச் சொல்ல வேண்டும். உங்கள் காலைப்பொழுது எங்களுக்காகப் போனது.

தம்பிக்காக அம்மா ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தார். பேருந்திலேயே எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டார். தூத்துக்குடித் தங்கச்சி, நீங்கள் விமானத்திலேயே நின்றுவிட்டதால் உங்களுக்குக் கொடுக்க முடியவில்லை. கோவைக்கு மறுபடி வரும் நாளில் அம்மா விமான நிலையத்துக்கே வருகிறேன் என்கிறார். இந்த மடலைப் படித்தால் ஒரு வரி பதில் எழுதுங்கள்.